கலியாணக் கூறைப்புடவைட சிவப்பு பிரிண்டில ஏன் மாறுது? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

கல்லடி:
கலியாண அல்பம் செய்யிற ஆக்களுக்குத் தெரியும், சண்டை வாறது முகத்தால இல்ல, கூறையால. அரக்குச் சிவப்பு செங்கல் நிறமா வந்தா பொம்பிளைட அம்மா விடமாட்டா.

எங்கட இங்க்ஜெட்டில கச்சான் காலத்தில ஒழுங்கா வந்த நிறம் மாரி தொடங்கினதும் ஆடிச்சு. கடதாசி ஈரம் குடிச்சா மை ஊறுற விதம் வேற. கடதாசிக் கொம்பனி தாற ரெடிமேட் புரொஃபைல் (மெஷினும் கடதாசியும் நிறத்தை எப்படிக் காட்டும் எண்டு எழுதின ஃபைல்) அவங்கட மெஷினில, அவங்கட அறையில அளந்தது. வாவிக்கரை ஈரம் அதுக்குத் தெரியாது.

கலிபரேஷன் மெஷினை ஒரு நிலைக்குக் கொண்டு வாறது. புரொஃபைல் அந்த நிலையை எழுதி வைக்கிறது. நொசில் (மை வாற சின்னத் துளை) அடைச்சிருக்கக்குள்ள புரொஃபைல் எடுத்தா அடைப்பையும் சேத்துத்தான் எழுதும். அதால முதல்ல நொசில் செக், பிறகு லீனியரைசேஷன், அதாவது ஒவ்வொரு மையும் லேசில இருந்து அடர்த்தி வரைக்கும் ஒழுங்கான படியா ஏற வைக்கிறது. டார்கெட் சார்ட் (புரொஃபைலுக்காக அளக்கிற நிறக்கட்டத் தாள்) அடிக்கக்குள்ள கலர் மேனேஜ்மெண்ட், அதாவது சொஃப்ட்வெயர் நிறம் திருத்துறது, முழுக்க ஓஃப். அடிச்ச கையோட அளக்கப்படாது, ஒரு இரவு காயவிட்டுத்தான் நிறம் அளக்கிற ஸ்பெக்ட்ரோவை வைக்கிற.

கல்முனை:
எங்கட லெப் கெமிக்கல் மெஷின், சில்வர் ஹேலைட் பேப்பர், அதாவது வெளிச்சம் பட்டு கெமிக்கலில கழுவி எடுக்கிற ஃபோட்டோக் கடதாசி. புது ரோல் போட்டா செட்அப் பிரிண்ட் (சோதினைப் பிரிண்ட்) எடுத்து டென்சிட்டி (நிற அடர்த்தி) சரிபாக்காம வேல தொடங்கிறல்ல. எங்கட தலையிடி வார ஃபைல்தான். மெஷின் வாற ஃபைல் எல்லாத்தையும் எஸ்ஆர்ஜிபி (வழமையான நிற அளவு முறை) எண்டு நினைச்சு அடிக்கும். டிசைனர் தம்பிமார் அதை விடப் பெரிய நிற அளவான அடோபி ஆர்ஜிபியில அனுப்பினா எல்லாம் சாயம் போன மாதிரி வரும். பேச்சு விழுறது எங்களுக்கு!

அக்கரைப்பற்று:
எனக்கு முகமெல்லாம் மஜென்டா (ஊதாச் சிவப்பு) அடிக்கிது நானா. ஸ்பெக்ட்ரோ வாடகைக்கு எடுத்துப் புரொஃபைலும் செஞ்சாச்சி.

கல்லடி:
தம்பி, ஃபோட்டோஷொப்பும் பிரிண்டர் டிரைவரும் ரெண்டும் நிறம் திருத்துதோ எண்டு பாருங்க. ஃபோட்டோஷொப்பில புரொஃபைலைக் குடுத்தா டிரைவரில ஓஃப் பண்ணணும். அதோட கடை எல்இடிக்குக் கீழ வச்சு முடிவெடுக்காதீங்க. பிரிண்ட் பாக்கிறதுக்கு டி50, அதாவது 5000 கெல்வின் வெளிச்சம்தான் கணக்கு. மலிஞ்ச எல்இடியில சிவப்பு செத்துப் போகும்.

கல்முனை:
மினுங்காத மெட் பேப்பரையும் சொல்லுங்க. மினுங்கிற குளோசி காட்டுற சிவப்பு மெட்டுக்கு எட்டாது, எந்தப் புரொஃபைல் போட்டும் வேலையில்ல. சொஃப்ட் ப்ரூஃபில (பிரிண்ட் எப்படி வரும் எண்டு ஸ்கிரீனிலயே பாக்கிறது) முதலே தெரியும். மெட்தான் வேணும் எண்டு நிக்கிற வீட்டுக்கு கூறைப் படம் ஒண்டைச் சின்னதா அடிச்சுக் காட்டிட்டு அட்வான்ஸ் வாங்குங்க.