பிரிட்டனில் ‘ஃபிட்’: டாக்டர் தாள் முதல் வீட்டுப் பூஞ்சை வரை

“பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். திரும்ப வேலைக்குப் போக ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டால் ஜிபியில் (நம் ஏரியா டாக்டர் கிளினிக்) தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?” என்று கேட்ட தம்பிக்கு: அதைக் கேட்டு அலைய வேண்டாம். நம் ஊரில்தான் மெடிக்கல் லீவு முடிந்து சேரும்போது ‘பணி செய்யத் தகுதியானவர்’ என்று டாக்டர் கையெழுத்து வேண்டும். இங்கே இருப்பது ஃபிட் நோட். பெயர்தான் அப்படி, உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கான தாள் அது. 2010 வரை சிக் நோட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதில் இரண்டே கட்டங்கள். ஒன்று, ‘நாட் ஃபிட் ஃபார் வொர்க்’. இன்னொன்று, ‘மே பி ஃபிட் ஃபார் வொர்க்’. ‘பூரண குணம்’ என்று டிக் அடிக்க இடமே கிடையாது. உடம்பு தேறிவிட்டால் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தாளில் உள்ள தேதிக்கு முன்பே கூடப் போகலாம்.

நம்மவர்கள் குழம்புவது இரண்டாவது கட்டத்தில்தான். ‘மே பி’ என்று பார்த்ததும் நாளைக்கே ஷிஃப்டுக்கு ஓடுகிறார்கள். நேரத்தைக் குறைத்தால், பாரம் தூக்கும் வேலையை மாற்றினால் போகலாம் என்பதே அதன் பொருள். அந்த மாற்றத்தைச் செய்து தர கம்பெனியால் முடியாவிட்டால், ‘நாட் ஃபிட்’ என்றே கணக்கு. முதல் 7 நாளுக்கு டாக்டர் தாளே வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். சனி, ஞாயிறும் அந்த 7-இல் சேரும். அதற்குள் தாள் வேண்டும் என்று நின்றால் ஜிபி காசு கேட்கலாம். 2022 ஜூலையிலிருந்து நர்ஸ், பிசியோ, பார்மசிஸ்ட்டும் ஃபிட் நோட் தரலாம்.

இதே ‘ஃபிட்’ என்ற சொல் வீட்டுக்கும் உண்டு. இங்கிலாந்தில் வாடகை வீடு ‘ஃபிட் ஃபார் ஹியூமன் ஹாபிடேஷன்’, அதாவது மனிதர் குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று 2018-இல் சட்டம் வந்து, 2019 மார்ச் 20 முதல் நடப்பில் உள்ளது. ஈரம், காற்றோட்டம் எல்லாம் இதில் அடக்கம். ஜன்னலோரம் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தால், “நீங்கள் சோறு வடிக்கிறீர்கள், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள்” என்று பழியை நம் தலையில் கட்டுவது ஹவுஸ் ஓனர்களின் வழக்கமான பாட்டு. வாய்ச்சண்டை வேண்டாம். படம் எடுத்து ஈமெயிலில் அனுப்புங்கள், சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதையும் எழுதுங்கள். அப்படியும் அசையாவிட்டால் கவுன்சில் (நம் ஊர் நகராட்சி மாதிரி), அதற்கு மேல் கோர்ட்.

கடையில் ‘ஃபிட் ஃபார் பர்ப்பஸ்’, அதாவது வாங்கிய வேலைக்கு உதவ வேண்டும். மிக்ஸி வாங்குமுன் “ஊறவைத்த உளுந்து அரைபடுமா?” என்று கேட்டு, கடைக்காரர் சரி என்று விற்றிருந்தால், அது அரைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 2015 நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம்.

ஜிம்மிலிருந்து வரும் சக பெண் ஊழியரிடம் “யூ லுக் ஃபிட்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இங்கே பேச்சுவழக்கில் அது ‘செம அழகு’ என்று வழிவது. ஹெச்ஆர் வரை போகும்.

இன்டர்வியூ முடிந்து ‘நாட் தி ரைட் ஃபிட்’ என்று மெயில் வந்தால் அதைத் துருவித் துருவி யோசிக்க வேண்டாம், மரியாதையாகச் சொல்லப்பட்ட ‘இல்லை’ அது. ஃபீட்பேக் கேட்டு ஒரு வரி எழுதிப் பாருங்கள். சிலர் பதில் போடுவார்கள்.