ஊர் நாவல்களில வாற கோயில் மணியம் எல்லாரும் கள்ளர்தானோ?

பூவரசு:
யாழ்ப்பாணத்து ஊர் நாவல்கள் நாலைஞ்சை ஒரே மூச்சில வாசிச்சு முடிச்சன். எல்லாத்திலயும் ஒரே ஆள்தான், கோயிலை நிர்வகிக்கிற மணியம். நெத்தி நிறையத் திருநீறு, வாயில தேவாரம், மடியில ஊராற்ற காணி உறுதி. முதல் அத்தியாயத்தில அவர் கோயில் படி ஏறேக்கையே கடைசி அத்தியாயம் தெரிஞ்சிடுது. பக்தி எண்டாலே வேசம் எண்டு எழுதினா அது நாவலோ, துண்டுப்பிரசுரமோ?

கிணத்தடி:
லேசாச் சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ. கே. டானியல் சாதிக் கொடுமையைப் பற்றி எழுதின ‘பஞ்சமர்’ நாவல் வந்தது 1972இல. அதுக்கு நாலு வருசம் முந்தித்தான், 1968இல, மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள்ள விடச் சொல்லி, சாதி சொல்லித் தள்ளி வைச்ச சனம் வாசலில இருந்தது. மறிக்க முன்னுக்கு நிண்டவர் ஆர்? கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். சாதி சொல்லி மறிக்கிறது குற்றம் எண்ட 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர கீழ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எண்டது. இதுக்கு மேல வில்லனைக் கற்பனை செய்யவும் வேணுமோ?

பூவரசு:
நான் சொல்லுறதும் அதுதானே! அவர் உண்டியல் காசுக்காண்டி வந்து நிக்கேல்லை. ஆகமத்தைக் காக்கிறன் எண்டுதான் நிண்டவர். உண்டியல் கள்ளனை எழுதுறது சுகம். ஒரு சதம் தொடாமல், கந்தசட்டி விரதம் ஒருநாளும் தவறாமல், விடிய நாலு மணிக்குத் தோய்ஞ்சுபோட்டு வந்து, இன்னொருத்தனை வீதியில நிப்பாட்டி வைக்கிறானே, அவனை எழுதுங்கோ பாப்பம். அவன் தன்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறதே இல்லை.

சந்நிதியான்:
ரெண்டு பேரும் மணியத்தோடயே நிக்கிறியள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக்குப் போனதில்லையோ? பூசகர் துணியால வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார். சனம் அழுது கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டுப் போகும். இந்த நாவலுகளில கும்பிடுற சனம் எல்லாம் ஏமாளியள். அதுதான் எனக்குக் கோவம்.

கிணத்தடி:
ஏமாந்தது எண்டு எழுதினா ஏமாளி எண்டு அர்த்தமில்லை. கோயில் வேண்டாம் எண்டு வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்குப் போனவையையும் டானியல் ‘கானல்’ எண்டு நாவலா எழுதினவர். அங்கயும் சாதி பின்னாலயே போனது. தலைப்பைப் பாருங்கோ, தெரியும்.

முற்றத்து வேம்பு:
எங்கட ஊரில கலை வந்து, அதான் சாமி வந்து, ஆடுற ஒருத்தர் இருந்தவர். ஒரு பொங்கலண்டு, ‘மேற்குப் பக்கக் காணியைத் தா எண்டு அம்மாளாச்சி கேக்கிறா’ எண்டு எங்கட அம்மம்மாவைப் பாத்துச் சொன்னார். அம்மம்மா வேப்பிலையை வாங்கிக் கண்ணில ஒத்திப்போட்டு, ‘அவ எனக்கும் கனவில வாறவ, அங்க கேக்கட்டும்’ எண்டா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அடுத்த வருசமும் முதல் பானை எங்கடதான்.

சந்நிதியான்:
இந்த மனுசியை ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?

கிணத்தடி:
அம்மம்மா நல்லாக் கேட்டா. ஆனா அவவுக்குக் காணியும் இருந்தது, உள்ள நிக்க இடமும் இருந்தது. வெளி வீதியில நிண்டவளுக்கு ஆர் கனவில வந்தது? பழங்கதை எண்டு சொல்லாதேங்கோ. 2018இல வரணிப் பக்கம் ஒரு கோயில் தேரை ஜேசிபி இழுத்த படம் எல்லாற்ற போனுக்கும் வந்ததுதானே. வடத்தில ஆர் ஆர் கை வைக்கலாம் எண்ட கதைதான் அது. பூவரசு அண்ணை, அந்த ஜேசிபியும் மனசார நம்பித்தானோ இழுத்தது?

பூவரசு:
எனக்கும் வந்தது. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை.
அண்ணை இல்லை, அக்கா.