மலையில் வீடு கட்டுகிறோம்: வேலை எங்கே நிற்கிறது, யார் யார் என்ன சொன்னார்கள் (அனுபவப் பகிர்வு)

கட்டபெட்டு மாப்பிள்ளை:

கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவில், கட்டபெட்டுப் பக்கம் ஒரு சரிவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். எட்டு சென்ட், மாமனார் கொடுத்தது. குடும்பம் இருப்பது கோவையில், அதனால் முக்கால்வாசி வேலையை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறோம். இப்போதைய நிலவரம் என்னவென்றால், பிளிந்த் பீம் (அஸ்திவாரத்துக்கு மேலே சுற்றி வரும் கான்கிரீட் கட்டு) முடிந்து ஒரு பக்கச் சுவர் மட்டும் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, ஜன்னலின் மேல் விளிம்பு வரைக்கும், வந்திருக்கிறது. "ஆரம்பிச்சு இவ்வளவு நாளாச்சு, இன்னும் லிண்டலா?" என்று கீழே இருக்கிற சொந்தபந்தம் மொத்தமும் கேட்டு முடித்துவிட்டது. அவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இங்கே எழுதுகிறேன். கீழே சமவெளியில் வீடு கட்டினால் வாரா வாரம் சுவர் ஏறும், போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். இங்கே பணமும் காலமும் முதலில் மண்ணுக்குள் போகிறது, தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்கும் போகிறது. அதைப் படம் எடுத்து அனுப்பினால் "என்னப்பா, வெறும் குழியா இருக்கு" என்கிறார்கள்.

அனுமதி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பேசினால் பிரஷர்தான் ஏறும். நீலகிரியில் 1993-லிருந்து மாஸ்டர் பிளான் விதிகள் இருக்கின்றன, உயரம் 7 மீட்டர்தான். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அதற்கும் மேலே ஓட்டுச் சரிவு என்று ஆசையாக வரைந்துகொண்டு போனால் அங்கேயே இடிக்கும். பொக்லைன் இறக்குவதற்குத் தனியாக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். போர்வெல்லை இன்ஜினியர் பேச்சிலேயே எடுக்க விடவில்லை. மரம் நம் பட்டா நிலத்தில் நின்றாலும் 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சும்மா கோடாலி வைக்க முடியாது. சரி, அலைந்தோம், வாங்கினோம்.

மண் வெட்டியது முழுக்க ஆள் வைத்துத்தான். எங்கள் மேஸ்திரி அன்னூர்ப் பக்கத்துக்காரர், ஆனால் வேலை எல்லாம் மலையிலேயே செய்து பழகியவர். சரிவை ஒரே வெட்டாகச் செங்குத்தாக இறக்கினால் வீட்டுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்குமே என்று நான் கேட்டதற்கு, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "இதுக்கு மேல நோண்டுனா மலை நம்ம பேச்சைக் கேக்காதுங்க சார்" என்றார். அதனால் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் கல் கட்டு வைத்து நிறுத்தி, அப்புறம்தான் அடுத்தது.

இந்தத் திரியில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பக்கத்துத் தேயிலைக்காட்டுத் தாத்தாவைப் பற்றி. சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த அன்று ஸ்வெட்டர், மப்ளர், கையில் கவாத்துக் கத்தியோடு வந்து நின்றார்.

"இந்த மூலையில என்ன வருது தம்பி?"

"ஹால் வருதுங்க தாத்தா."

"ஐப்பசி மாசம் ஹால்லயே மீன் பிடிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மேஸ்திரிக்கு வந்தது. தாத்தா கோட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மேலே இருந்து எங்கள் மனை வரைக்கும் பெரணியும், ஓடைக்கரையில் தானாக முளைக்குமே அந்த வெள்ளை லில்லியும் ஒரே வரிசையாக இறங்கி வருகின்றன. நாங்கள் பார்த்தது கோடையில், மண் காய்ந்து கிடந்தது. அந்தச் செடி சும்மா அங்கே நிற்காது, அடியில் ஈரம் இருக்கிறது, மழைக்காலத்தில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும் என்றார். இன்ஜினியரை வரவழைத்து அதே இடத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்தோம். இடுப்பளவு ஆழத்திலேயே மண் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. வீட்டை அப்படியே பக்கவாட்டில் தள்ளி வைத்து, அந்த வழியில் வாய்க்கால் வெட்டி, கரடுகல் நிரப்பி, அடியில் துளை போட்ட பைப் போட்டு, தண்ணீரை எங்கள் மனையைத் தாண்டி ஓடைக்குப் போகும்படி விட்டிருக்கிறோம். செப்டிக் டேங்க்கும் இடம் மாறியது, ஏனென்றால் கீழ் வளைவில் நாலு வீட்டுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஊற்று இருக்கிறது. மண் பரிசோதனை ரிப்போர்ட்டில் இந்த லில்லி வரிசை இல்லை. ரிப்போர்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும், கூடவே ஒரு தாத்தாவும் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. மேஸ்திரி முதலில் அனுப்பிய படங்களில் பாதியில் அவர் கட்டைவிரல்தான் இருக்கும், மீதியில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். இப்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். மூடப்போகிற எதுவானாலும், கம்பி, பைப், கல் நிரப்பு, எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்னால் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரைக்கும் தாங்கி நிற்கிற முட்டு) பலகையில் கரித்துண்டால் தேதியும் இடமும் எழுதி வைக்கிறார், "பின் சுவரு, கீழ் வரிசை" என்கிற மாதிரி. பீம் கம்பியில் ரிங் எத்தனை இன்ச்சுக்கு ஒன்று கட்டியிருக்கிறது என்று கோவையில் உட்கார்ந்துகொண்டே எண்ணலாம். சுவர் படத்தை நான் கேட்பதே இல்லை, அதை எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

செலவு எங்கே எகிறுகிறது என்று கேட்பீர்கள். சுமைகூலியில். செங்கல், எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்), கம்பி எல்லாம் கீழே இருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி வருகிறது. பெரிய டிப்பர் எங்கள் சாலைக்குள் திரும்பாது, மெயின் ரோட்டு முனையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பிக்கப், பிக்கப் நிற்கிற இடத்திலிருந்து தலைச்சுமை. ஒரே மணலுக்கு மூன்று முறை கூலி கொடுக்கிறோம், நடுவில் ஒரு மழை வந்தால் அதில் கொஞ்சம் தேயிலைக்காட்டுக்குள் போய்விடும்.

நீங்கள் பார்த்த ஆட்களையும் அனுபவத்தையும் எழுதுங்கள்.

எமரால்டு பனிக்காரன்:

வாங்க மாப்பிள்ளை. உங்களுக்குத் தண்ணீர் என்றால் எங்களுக்குக் குளிர். எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் தண்ணீரும் குறைவில்லை, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீடு கட்டும்போது என்னைப் படுத்தியது குளிர்தான்.

எங்கள் ஒப்பந்ததாரர் (பேர் வேண்டாம்) கீழே நிறைய வீடு கட்டியவர். ரூஃப் கான்கிரீட் போட்ட ஏழாவது நாள் சென்ட்ரிங் காலைப் பிரிக்க ஆளோடு வந்து நின்றார், அடுத்த சைட்டுக்கு ஜாக்கி (அந்த இரும்புக் கால்) வேண்டுமாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு சின்னப் பெண், படிப்பு முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இல் சின்ன ஸ்லாபுக்கு ஏழு நாள் என்று போட்டிருப்பது உண்மைதான், ஆனால் அது சாதாரண ஓ.பி.சி. சிமென்டுக்கு, அதுவும் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. "இங்க ராத்திரி எவ்வளவு இருக்கும் சார், நீங்களே சொல்லுங்க" என்றது. அவர் வாயைத் திறக்கவில்லை. அதுவரைக்கும் மப்ளரைக் கழற்றாமலே அவர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்ததை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாங்கியது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அது இன்னும் மெதுவாகத்தான் இறுகும். கடைசியில் அந்தப் பெண் சொன்ன நாள் வரைக்கும் கால் நின்றது, ஜாக்கி வாடகை என் தலையில்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் கான்கிரீட் போடவே வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் வெயில் ஏறினதும் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், சாயங்காலம் சாக்கு, வைக்கோல், மேலே தார்ப்பாய். இரவில் தண்ணீர் அடிக்காதீர்கள், காலையில் மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். சிமென்ட் மூட்டையையும் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், மூடுபனியிலேயே கட்டி தட்டிவிடும்.

குன்னூர் கீழ்வளைவு:

தடுப்புச் சுவர் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று எத்தனை இடத்தில் மண் சரிந்தது, நாற்பதுக்கு மேல் உயிர் போனது. எங்கள் தெருவில் அன்றைக்கு விழுந்த சுவர் எதுவும் இளைத்த சுவர் இல்லை, நல்ல கனமான கல் சுவர். பின்னால் தேங்கின தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் தள்ளியதில் விழுந்தது. அதனால் நாங்கள் கட்டும்போது அப்பா ஒரே பிடியாக நின்றார், மீட்டருக்கு ஒரு துளை, பின்னால் ஜல்லி நிரப்பு, அதற்கப்புறம்தான் மண் என்று. அவர் சொன்னபடியே செய்தோம்.

எல்லாம் முடிந்து, பூச்சு வேலைக்கு வேறு ஆள் வந்தார். நான் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பூர் போய்விட்டு வந்து பார்க்கிறேன், சுவர் பளபளவென்று இருக்கிறது, ஒரு துளையைக் காணோம்! கேட்டால், "ஓட்ட ஓட்டையா அசிங்கமா இருந்துச்சுங்க மேடம், அதான் சேர்த்துப் பூசிட்டேன், இதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்கிறார். நல்ல மனசுக்காரர்தான், அதுதான் பிரச்சினையே. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார், அந்த மனிதர் பதறிப்போய் அவர் கையிலிருந்து வாங்கி ஒவ்வொரு துளையாகத் தட்டித் திறந்தார். பழைய படம் போனில் இருந்ததால் எந்தத் துளை எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது. மாப்பிள்ளை சொல்கிற டேப் வைத்த படத்துக்கு என் ஓட்டு.

ஒரசோலை:

எங்களுக்கு வந்த மேற்பார்வையாளர் கரடி. ஆட்கள் தங்குகிற ஷெட்டில் தகரக் கதவைப் பிய்த்து எண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டது, அரிசியைத் தொடவில்லை. அதிலிருந்து சாப்பாட்டுச் சாமான் எதையும் சைட்டில் இரவு வைப்பதில்லை. காட்டெருமைகளும் வரும், அவை பாட்டுக்குத் தேயிலைக்குள் மேயும், ஆனால் சென்ட்ரிங் காலுக்கு நடுவே ஒன்று நுழைந்துவிட்டால் விரட்டாதீர்கள், தானாக வெளியே வரட்டும். விரட்டினால் ரூஃபோடு வரும்.

மேட்டுப்பாளையத்துத் தம்பி:

மாப்பிள்ளை அண்ணா, பேங்க் லோன் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எங்கள் மனையும் கோத்தகிரி ரோட்டில்தான். அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, லிண்டலுக்கு இவ்வளவு, ரூஃபுக்கு இவ்வளவு என்று ஒரு அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

கட்டபெட்டு மாப்பிள்ளை:

தம்பி, அந்த அட்டவணை சமவெளிக்குப் போட்டது. எங்களுக்கு அஸ்திவாரத் தவணை வருவதற்கு முன்பே தடுப்புச் சுவர் கைக்காசைத் தின்றுவிட்டது. மதிப்பிட வந்த பேங்க் இன்ஜினியர், "கட்டடம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய்ப் பின் சுவரைக் காட்டி, போனில் இருந்த படங்களையும் காட்டிய பிறகு, தடுப்புச் சுவரைத் தனி இனமாக எஸ்டிமேட்டில் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். எழுதி வாங்கினோம், தவணை மாற்றிக் கொடுத்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும்போதே மண் வேலை, தடுப்புச் சுவர், வடிகால் மூன்றையும் தனித்தனி வரியாக எஸ்டிமேட்டில் போடச் சொல்லுங்கள், நடுவில் மாற்றுவது பெரிய அலைச்சல்.

மாதம் என்றால், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழைதான் முரட்டு மழை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மா சொல்லவில்லை. தை பிறந்ததும் மண்ணைத் தொட்டு, சித்திரை, வைகாசிக்குள் பின் சுவரையும் வடிகாலையும் முடித்துவிட்டால், மழைக்காலத்தில் சுவர் வேலை ஆமை வேகத்தில் போனாலும் பயமில்லை. கூடலூர், எமரால்டு ஆட்களுக்கு இந்தக் கணக்கு வேறு, அங்கே ஆனி, ஆடியே ஆளை அடித்துவிடும்.

குன்னூர் அக்கா எழுதியதைப் படித்த உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டேன். பூச்சுக்காரர் வருவதற்கு முன்னால் எல்லாத் துளையிலும் பி.வி.சி. பைப் துண்டு இரண்டு இன்ச் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி சொருகிவிடலாம், அதற்கு மேல் யாரும் பூச முடியாது என்றார். போன வாரம் இரண்டு நாள் விடாமல் பெய்ததில் வடிகால் பைப்பில் கைத்தடிமன் தண்ணீர் ஓடுகிற வீடியோ அனுப்பினார். அதைத்தான் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். "வீடியோ நல்லா இருக்கு, வீடு எப்போ?" என்று மச்சான் கேட்கிறார்.

அடுத்தது ஜன்னல். மரத்தில் போட்டால் ஈரத்தில் உப்பிக்கொள்ளும் என்று மேஸ்திரி, யு.பி.வி.சி. போட்டால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று வீட்டம்மா. ஊட்டி, கோத்தகிரியில் மர ஜன்னல் போட்டு ஐந்தாறு மழைக்காலம் பார்த்தவர்கள் இருந்தால் என்ன மரம், என்ன வார்னிஷ் என்று எழுதுங்கள். லிண்டல் முடிவதற்குள் ஆர்டர் கொடுக்க வேண்டும்.