மதிப்பு இடப்படாத மாறிக்கு யார் பொறுப்பு?

பொருநை:
சி மொழியில் ஒரு செயற்கூற்றுக்குள் அறிவித்த மாறிக்குத் தொடக்க மதிப்பு தராவிட்டால், அந்த நினைவகத்தில் முன்பு கிடந்த எண்தான் கிடைக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நிலைமை அதைவிட மோசமானது. பெரும்பாலான சூழல்களில் அதைப் படிப்பதே வரையறுக்கப்படாத நடத்தை (என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தராத நிலை) என்பதால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை எப்படி வேண்டுமானாலும் உருமாற்றலாம். நிரல் முடியும்வரை நிலைத்திருக்கும் ஸ்டேட்டிக் மாறிகளுக்கு இதே மொழி சுழியம் இட்டுத் தருகிறது. மற்றவற்றுக்கு ஏன் தரக்கூடாது?

பழையசி:
சுழியமும் தவறான மதிப்பாக இருக்கக்கூடும் என்பதால்தான். யுனிக்ஸில் பயனர் எண் 0 என்றால் ரூட். அந்த எண்ணை நிரப்ப ஒரு நிரலர் மறந்து, மொழி தானாகச் சுழியத்தை இட்டுவிட்டால், யாரோ ஒருவர் சத்தமில்லாமல் நிர்வாகியாகிவிடுவார். மதிப்பு என்னவாக இருக்க வேண்டும் என்பது எழுதுபவருக்கு மட்டுமே தெரியும். அந்தப் பொறுப்பைக் கம்பைலரின் தலையில் கட்ட முடியாது.

பொருநை:
பயனர் எண் குறித்து நீங்கள் சொல்வது சரி. ஆனால் கம்பைலர் சும்மா இருப்பதில்லையே! 2009-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2.6.30-இன் டன் (TUN) எனும் மெய்நிகர் வலையமைப்பு டிரைவரில், ஒரு பாயின்டர் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) வழியாக முதலில் ஒரு புலத்தைப் படித்துவிட்டு, அடுத்ததாக அந்தப் பாயின்டர் ‘நல்’ (null, எதையும் சுட்டாமல் முகவரி 0-ஐக் கொண்டிருக்கும் நிலை) தானா என்று சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே படித்தாயிற்று, ஆகவே அது ‘நல்’ ஆக இருக்க வழியில்லை என்று முடிவுகட்டிய ஜிசிசி கம்பைலர், அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. முகவரி 0-இல் தன் நினைவகத்தை அமர்த்த வழி கண்ட உள்ளூர்ப் பயனர் ஒருவர், இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது போதுமானதாக இருந்தது. எழுதப்பட்ட காவலைக் கம்பைலரே அகற்றிய பிறகு, நிரலரை மட்டும் குற்றம் சொல்வது எப்படி நியாயமாகும்?

பழையசி:
இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதியிருந்தால் அந்த ஓட்டையே இல்லை. படித்த பிறகு சோதிப்பது எந்தக் கம்பைலரிலும் பிழைதான். இத்தகைய நீக்கங்களைத் தடுக்கும் கம்பைலர் விருப்பத்தேர்வைக் கெர்னல் குழு அதன் பிறகு சேர்த்துக்கொண்டது உண்மையே. அது தற்காப்பு ஏற்பாடு, அந்த வரிசையைச் சரியென்று ஆக்கும் சான்றிதழ் அல்ல.

நினைவகம்:
பொறுப்பு என்றவுடன் கருவி காட்டும் எச்சரிக்கையை அடக்குவதே பொறுப்பு என்று நினைத்துவிடுகிறோம். 2006-இல் டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கப் பொதியில், மதிப்பிடப்படாத நினைவகம் படிக்கப்படுவதாக நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி முறையிட்டதால் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, உண்மையான தற்செயல் தரவு அனைத்தையும் கலக்கும் வரி. சாவிகளை வேறுபடுத்த, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் பிராசஸ் எண் மட்டுமே மிஞ்சியது. அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகளே உண்டு. 2008 மே மாதம் இது வெளிவரும்வரை அங்கே உருவான சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாகவே இருந்தன. அந்த வரிகளை நீக்கியவர் அக்கறையற்றவர் அல்லர். தூய்மையான நிரலை விரும்பியவர். அதனால்தான் தனிமனிதரின் கவனத்தை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. சுழியத்துக்குப் பதிலாக, பார்த்தவுடன் தவறென்று தெரியும் ஒரு மதிப்பால் நிரப்பும் வசதி கிளாங் கம்பைலரிலும், 12-ஆம் பதிப்பு முதல் ஜிசிசியிலும் இருக்கிறது. சி++ மொழியின் தரமான சி++26 இன்னும் ஒரு படி முன்னே சென்று, இவ்வகைப் படிப்பைப் பிழை என்றே அறிவித்தாலும், அதைச் சாக்கிட்டு நிரலைக் கண்டபடி மாற்றும் உரிமையைக் கம்பைலரிடமிருந்து பறித்துவிடுகிறது.

பழையசி:
இந்த அளவுக்கு எனக்கு மறுப்பில்லை. வேகம் முக்கியமான பெரிய இடையகத்துக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) விலக்குக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் வால்கிரைண்டைக் கொண்டு சோதிக்கும்போது அந்த நிரப்பலை அணைத்துவிட்டே ஓட்டுங்கள், இல்லையென்றால் மறந்துபோன மாறியும் அதன் கண்ணுக்கு ஒழுங்காக நிரப்பப்பட்ட மாறியாகவே தெரியும்.