1:72 கேட்டலினா: நீலமா, கருப்பா, வெள்ளையா? புழல் ஏரி விமானத்துக்கு எந்த நிறம்?

புழல்கரை:

அனைவருக்கும் வணக்கம். 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, ஒரு கேட்டலினா கடல் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உடலின் இரு பாதிகளும் சேர்ந்துவிட்டன. சிறகு தனியாக இருக்கிறது. வண்ணம் தீட்டும் கட்டத்துக்கு வந்ததும் வேலை நின்றுபோய்விட்டது.

பெட்டியோடு வந்த தாளில் இரண்டு நிறத்திட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று அமெரிக்கக் கடற்படையுடையது: மேலே கருநீலம், பக்கவாட்டில் இடைநீலம், அடியில் வெள்ளை. மற்றது முழுக் கருப்பு, 'பிளாக் கேட்' என்பார்களே, அது. எனக்கு இரண்டுமே வேண்டாம். நாங்கள் செங்குன்றத்துக்காரர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் எங்கள் புழல் ஏரியில்தான் இறங்கி ஏறின. அவற்றில் ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறேன்.

சிக்கல் வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. பாட்டி அப்போது சிறுமி. விமானம் கொக்கு மாதிரி வெள்ளையாக இருந்தது என்று உறுதியாகச் சொல்கிறார். அண்ணனோ பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டி, மேல்புறம் இவ்வளவு கருமையாக இருக்கிறதே, இது நீலம்தான் என்கிறான். யார் சொல்வது சரி? எந்த நிறங்களை வாங்க வேண்டும்? என்னிடம் காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் ஏர்பிரஷும், அதற்குக் காற்று தரும் சிறிய கம்ப்ரசரும் இருக்கின்றன. எனாமல் வண்ணம் பழக்கம். கிட் (ஒட்ட வேண்டிய பாகங்கள் கொண்ட பெட்டி) பிபிஒய்-5ஏ வகை.

அரைத்தூரிகை:

கருப்பே அடித்துவிடுங்கள். ஒரே டப்பா, மாஸ்கிங் டேப் செலவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அலமாரிக்குப் போய்விடும்.

மீனம்பாக்கம் 72:

அரைத்தூரிகை எல்லா விமானத்துக்கும் இதையேதான் சொல்வார், பொருட்படுத்த வேண்டாம். 'பிளாக் கேட்' என்பது பசிபிக்கில் இரவுத் தாக்குதலுக்குப் போன அமெரிக்கக் கடற்படை ஸ்குவாட்ரன்களின் (விமான அணிகளின்) கோலம். புழலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தம்பி, பாட்டி, அண்ணன் இருவர் கண்ணிலும் பழுதில்லை. அண்ணன் 'நீலம்' என்று பெயர் வைத்ததுதான் சரியில்லை. விளக்கமாகவே எழுதுகிறேன்.

புழல் ஏரியில் நிலைகொண்டவற்றில் முக்கியமானது பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன். 1942-இல் கேட்டலினாக்களோடு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை கொழும்பைத் தாக்கியது, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, சென்னையே பாதி காலியானது. தாக்குதலுக்கு முதல் நாள் அந்தக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்ததும் இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான். வங்காள விரிகுடாவுக்கு மேல் நெடுநேரம் ரோந்து சுற்ற இப்படி ஒரு விமானம் ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி நிறம். கடலோர ரோந்து விமானங்களின் மேல்புறத்துக்குப் பிரிட்டிஷார் வைத்திருந்த விதி இரண்டு நிறப் பட்டைகள்: எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கடலோடு கடலாகத் தெரியும். அடிப்புறம் முதலில் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை சாயல் நிறமாக இருந்தது. பிறகு அடியும் பக்கங்களும் வெள்ளையாயின. நீர்மூழ்கியின் மேல்தளத்தில் நிற்பவன் அண்ணாந்து பார்க்கும்போது பின்னணியில் இருப்பது வெளிச்சமான வானமும் மேகமும். அங்கே கருத்த அடிப்புறம் தொலைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும், வெள்ளை கரைந்துபோகும். அதனால்தான் மாற்றினார்கள்.

இப்போது பாட்டி நின்ற இடத்தை யோசித்துப் பாருங்கள். ஏரிக்கரையிலிருந்து விமானத்தின் பக்கவாட்டைப் பார்த்திருப்பார், தலைக்கு மேல் போகும்போது அடிப்புறத்தைப் பார்த்திருப்பார். இரண்டும் வெள்ளை. கருமையான நிறங்கள் இருந்தது உடலின் முதுகிலும் சிறகின் மேல்பக்கத்திலும். அது கரையில் நிற்கும் சிறுமிக்கு எப்படித் தெரியும்? அண்ணன் பார்த்த படம் சற்று உயரத்திலிருந்து எடுத்ததாக இருக்கும்.

கருப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறத்துக்குப் பெயர் சொல்ல முயலாதீர்கள். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் சிவப்பும் மஞ்சளும் கருத்துத் தெரியும், நீலம் வெளுத்துத் தெரியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக்கில் கணக்கு வேறு. படம் எல்லைக்கோடுகளைச் சொல்லும், நிறத்தைச் சொல்லாது.

ஆகவே நிறத்தைத் தேர்வதற்கு முன்பு ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். 1942 என்றால் அடியில் 'ஸ்கை' நிறத்துக்கும் இடமுண்டு. 1943, 44 என்றால் வெள்ளை. பாட்டி வெள்ளை என்கிறார், எனவே பிந்தைய ஆண்டுகள். எந்த நாட்டு விமானம் என்று காட்டும் வட்டச் சின்னமும் இதைப் பொறுத்தே மாறும், அதைப் பற்றிப் பேசப் பிறகு வருகிறேன்.

புழல்கரை:

ஐயா, மிக்க நன்றி. பாட்டியிடம் சொன்னேன், "நான் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை" என்றார். அண்ணன் இன்னும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கொரட்டூர் பசை:

நிறத்துக்குப் போகும் முன் ஒன்று. கிட் 'பிபிஒய்-5ஏ' என்கிறீர்கள். அந்த 'ஏ' தரையிலும் இறங்கும் வகையைக் குறிக்கிறது, சக்கரம் உண்டு. ஏரியில் நின்றவை சக்கரமில்லாத படகு விமானங்கள். உடலின் இரு பக்கமும் சக்கரம் மடங்கி உட்காரும் குழியும், மூக்குக்கடியில் முன்சக்கரக் கதவும் உங்கள் கிட்டில் இருக்கும். அவற்றை மூடாமல் என்ன நிறம் அடித்தாலும் அது புழல் விமானம் ஆகாது.

மூடுவது கடினமில்லை. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடைக் குழியின் வடிவத்துக்கு வெட்டி உள்ளிருந்து தாங்கல் கொடுத்து ஒட்டுங்கள். உடலின் இரு பாதிகளும் ஒட்டிவிட்டதால் தாங்கல் துண்டுகளைக் குழியின் சுவரிலேயே ஒட்ட வேண்டியிருக்கும். விளிம்பு இடைவெளிக்கு ஃபெவிகுவிக்கோடு முகப்பவுடர் கலந்து நிரப்பினால், கடையில் விற்கும் நிரப்புக்கலவையான புட்டியைப் போலச் சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள், மறுநாள் கல்லாகிவிடும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துப் பாருங்கள். குழியின் தடம் தெரிந்தால் மறுபடியும் தேய்ப்பு.

மீனம்பாக்கம் 72:

இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நன்றி, பசை.

கிண்டி மாலுமி:

டார்க் ஸ்லேட் கிரே விஷயத்தில் எச்சரிக்கை. பெயரில்தான் சாம்பல். டப்பாவைத் திறந்தால் ஆலிவ் பச்சை. கடைக்காரர் தவறாகக் கொடுத்துவிட்டார் என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஹம்ப்ரால் நிறுவன வண்ணங்களில் 224-ஆம் எண் அதுதான். எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே 123. வெள்ளைக்கு 34.

ஆனால் டப்பாவில் இருப்பதை அப்படியே அடிக்காதீர்கள் என்பது என் கட்சி. நிஜத்தில் 31.7 மீட்டர் சிறகு, உங்கள் மேசையில் 44 சென்டிமீட்டர். தொலைவிலிருந்து பார்க்கும் பொருளின் நிறம் காற்றால் வெளுத்துத் தெரியும். இரண்டு நிறங்களிலும் கொஞ்சம் வெளிர்சாம்பல் கலந்தால்தான் மாடல் பொம்மையாகத் தெரியாது.

மீனம்பாக்கம் 72:

அளவுக்கேற்ப வெளுக்க வைக்கும் கொள்கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எல்லாரும் வெளுத்து வெளுத்து, கடைசியில் கண்காட்சி மேசையில் எல்லா விமானமும் ஒரே சாம்பலாகிவிடுகிறது. ஆனால் இந்த விமானத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், காரணம் வேறு. ஆண்டு முழுக்கச் சென்னை வெயிலில் திறந்த ஏரியில் நின்ற விமானம், மேல்புறம் வெளுத்தே தீரும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கேட்டலினா சிறகின் முன்பகுதி உலோகம், பின்பகுதி துணி போர்த்தியது. துணியில் வண்ணம் வெளுக்கும் விதமும் உலோகத்தில் வெளுக்கும் விதமும் ஒன்றல்ல. சிறகின் பின்பாதிக்கு மட்டும் அதே நிறத்தில் ஒரு சொட்டு வெளிர்நிறம் கலந்து மெல்லிய படலமாக அடியுங்கள். மேலேயிருந்து பார்த்தால் சிறகே உயிர்பெறும்.

புழல்கரை:

கிண்டி மாலுமி ஐயா சொன்ன எண்களை எழுதி வைத்துக்கொண்டேன். வெள்ளைதான் பயமுறுத்துகிறது. மிச்சத் துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்தேன். ஓரங்களில் படியாமல் சாம்பல் தெரிகிறது, நடுவில் தடித்து வழிகிறது. இடையிடையே சிறு புள்ளிகளாகத் துப்புகிறது. கம்ப்ரசரில் கோளாறா?

கொரட்டூர் பசை:

கம்ப்ரசரில் கோளாறில்லை, ஊரில்தான். நம் காற்றில் இருக்கும் ஈரம் குழாய்க்குள் தண்ணீராகிறது, அது வண்ணத்தோடு சேர்ந்து துப்புகிறது. குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள். அதிலும் கைப்பிடிக்கு அருகில் பொருத்தும் சிறிய வகை நல்லது. அடிக்கும் நேரத்தையும் மாற்றுங்கள். விடிகாலையில் ஈரம் மிகுதி. வெயில் ஏறி, கடற்காற்று வருவதற்கு முன்பு உள்ள முற்பகல் வேளைதான் எனக்குக் கைகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாத நாட்களில் ஏர்பிரஷைத் தொடவே மாட்டேன், அறையில் உட்கார்ந்து எஞ்சின் ஒட்டுவேன்.

வெள்ளையை ஒரே பூச்சில் மூட முயன்றால் வழியத்தான் செய்யும். முதலில் வெளிர்சாம்பல் பிரைமர். அதன்மேல் நன்றாகத் தின்னர் சேர்த்த வெள்ளை, பார்ப்பதற்கு ஒன்றுமே படியாததுபோல் முதல் பூச்சு. காயவிட்டு அடுத்தது. பொறுமை போய்விடும், போகட்டும். முழு விமானத்துக்கும் வெள்ளை முடிந்து, எனாமல் நன்றாக இறுகிய பிறகே டேப் ஒட்டிக் கருமையான நிறங்களுக்குப் போக வேண்டும். கருமைக்கு மேல் வெள்ளையைப் படியவைப்பது நரகம்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எனாமல் தின்னர் வாடை வீட்டில் பாட்டிக்கு ஆகாது.

அரைத்தூரிகை:

நான் சொன்னேன் அல்லவா, கருப்பு.

புழல்கரை:

வட்டச் சின்னத்தைப் பற்றி மீனம்பாக்கம் ஐயா பிறகு வருகிறேன் என்றீர்கள். பெட்டியில் அமெரிக்க நட்சத்திர டிகால்கள் (நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மட்டுமே இருக்கின்றன.

மீனம்பாக்கம் 72:

அதில் ஒரு வசதி இருக்கிறது. வழக்கமான பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவே சிவப்பு. ஆசியாவில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் ஜப்பானிய விமானத்தின் செஞ்சூரியன் என்று நம்மவரே சுட்டுவிடும் அபாயம் இருந்தது. அதனால் இந்தியாவில் சிவப்பை வெள்ளையால் மூடினார்கள். வெள்ளை பளிச்சென்று குறிகாட்டியதால் பிறகு இளநீலமாக்கினார்கள். 1944 என்று எடுத்துக்கொண்டால் கருநீல வட்டமும் நடுவில் இளநீலப் பொட்டும்தான். இரண்டே நிறம். டிகால் தேட வேண்டாம், வட்டம் வெட்டும் கத்தியால் டேப்பில் மறைப்பு வெட்டி நீங்களே அடித்துவிடலாம். இளநீலத்துக்குத் தனி டப்பா வாங்காமல் அதே கருநீலத்தில் வெள்ளையைத் தாராளமாகக் கலக்குங்கள். வால் செங்குத்தில் வரும் பட்டைக்கும் இதே இரண்டு நிறங்கள்.

அடையாள எழுத்துகளுக்கு மட்டும் டிகால் வேண்டியிருக்கும். மங்கல் பூச்சின் மேல் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும். ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டிகால், கடைசியில் மங்கல் வார்னிஷ்.

கிண்டி மாலுமி:

அழுக்கு சேர்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடல் விமானம் என்றதும் எல்லாரும் அடிப்புறத்தில் உப்புப் படலம் பூசுகிறார்கள். இது புழல் ஏரி, ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் நன்னீர். நீர்மட்டக் கோட்டில் உப்பு வெண்மை வேண்டாம். பாசி படிந்த பழுப்புப் பச்சைக் கறை மெல்லியதாக இருந்தால் போதும். எஞ்சின் புகைக்கறை சிறகின் மேல்பக்கம் பின்னோக்கி ஓடட்டும். வண்ணம் உரிந்து உலோகம் தெரிவதை மூக்கின் அடியில், நீர் மோதும் இடத்தில் மட்டும் சிறிது காட்டுங்கள். பல பேர் விமானம் முழுக்க உரித்துவிடுகிறார்கள்.

எப்படி நிறுத்தப்போகிறீர்கள்? சக்கரத்தை மூடிவிட்டால் மேசைமேல் தானாக நிற்காது.

புழல்கரை:

கண்ணாடிபோல் இறுகும் எபாக்ஸி பிசின் ஊற்றி ஏரித் தண்ணீர் செய்யலாம் என்று நினைத்திருந்தேன்.

கொரட்டூர் பசை:

செய்யலாம், ஆனால் வெள்ளை அடிப்புறம் தண்ணீருக்குள் போய்விடும், அத்தனை பூச்சும் வீண். பித்தளைக் கம்பியில் பறக்கவிடுங்கள். சிறகு முனையில் உள்ள மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கிச் சிறகின் நுனியாகவே ஆகிவிடும். உங்கள் கிட்டில் மிதவைகளை மடக்கி ஒட்ட வழியிருக்கிறதா என்று சிறகை உடலோடு சேர்ப்பதற்கு முன்பே பாருங்கள். கம்பி நுழையும் ஓட்டையையும் பிரைமருக்கு முன்பே போட்டு உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்துவிடுங்கள்.

புழல்கரை:

தாளில் பார்த்தேன், மடங்கிய மிதவைக்குத் தனித் துண்டுகள் உண்டு. கம்பியில் பறக்கவிடுகிறேன். நாளை முற்பகலில் குழி மூடும் வேலை, பிறகு பிரைமர். பாட்டி பார்ப்பதற்கு வசதியாகச் சாய்த்து வைக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ப்பது?

மீனம்பாக்கம் 72:

இடது சிறகு தாழ்ந்திருக்கட்டும், தம்பி. பாட்டியின் நாற்காலி அலமாரிக்கு வலப்புறம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.