ஸ்டெம் செல்லை இதயச் செல்லாக மாற்றும்போது ஆக்ஸிஜனைக் குறைக்கலாமா?

திசுப்பித்தன்:
எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு ஐபிஎஸ் செல்களை (வளர்ந்த உடல் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கியவை) இதயத்தசைச் செல்லாக மாற்றப் போகிறேன். கருவில் ஆக்ஸிஜன் குறைவுதானே, முதல் நாளிலிருந்து துடிப்பு வரும்வரை 5 சதவீதத்திலேயே வைத்துவிடு என்கிறார் சீனியர். கைடு வேண்டாம் என்கிறார், காரணம் சொல்லவில்லை. எது சரி?

நுண்ணோக்கி:
எந்த நாளில் குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக்ஸிஜன் இருந்தால் புரோலில் ஹைட்ராக்சிலேஸ் நொதி ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற, ஜீன்களை இயக்கும் புரதத்தில் அடையாளம் வைத்துவிடும், விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிக்க அனுப்பிவிடும். ஆக்ஸிஜன் குறைந்தால் ஹிஃப் தப்பித்து உட்கருவுக்குள் போய் ஜீன்களை இயக்கும் (2019 மருத்துவ நோபல் இந்த வேலைக்குத்தான்). எலியின் கரு ஸ்டெம் செல்களில் அப்போது பிராக்கியூரி என்ற ஜீன் சீக்கிரமே தலைகாட்டுகிறது, அதாவது செல் மீசோடெர்ம் (கருவில் இதயம் உருவாகும் நடு அடுக்கு) பக்கம் முந்திச் சாய்கிறது. எனவே ஆரம்ப நாட்களில் குறைப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் துடிப்பு வந்த பிறகும் அப்படியே விட்டால் அதே ஹிஃப், குளுக்கோஸை லாக்டேட் ஆக்கும் பாதையிலேயே செல்லைப் பிடித்து வைக்கும். வளர்ந்த இதயத்தசையோ பெரும்பாலும் கொழுப்பமிலத்தை எரித்து வாழ்வது. துடிக்கும், ஆனால் முதிராது.

குளிர்பெட்டி:
இன்குபேட்டர் காட்டும் 5 சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றும்போது ஊற்றுவது சாதாரணக் காற்றில் இருந்த மீடியம், அது சமநிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். இன்னொரு பக்கம், செல்கள் நெருக்கமாக இருந்தால் சாதாரண இன்குபேட்டரிலேயே தட்டின் அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருக்கும். மீடியத்தின் உயரத்தை எல்லாத் தட்டிலும் ஒரே அளவாக வையுங்கள். செலவு குறைவு என்று ஆக்ஸிஜனைக் குறைக்காமலே ஹிஃப்பை அழியாமல் வைக்கும் கோபால்ட் குளோரைடு போடச் சொல்வார்கள், அது நச்சு, உண்மையான ஆக்ஸிஜன் குறைவுக்கு (ஹைப்பாக்ஸியா) ஈடும் ஆகாது.

வாசகன்:
2017-இல் இதய ஆய்வாளர் ஹெஷாம் சாடெக் குழு எலிகளை 7 சதவீத ஆக்ஸிஜனில் வைத்து இதயம் மீள்வதைக் காட்டினார்களே, அதுவும் ஸ்டெம் செல்தானே?

நுண்ணோக்கி:
இல்லை. அங்கே பிரிந்தது ஏற்கெனவே இருந்த தசைச் செல்கள். வளர்ந்த இதயத்தில் சி-கிட் (செல் மேல் இருக்கும் ஓர் அடையாளப் புரதம்) ஸ்டெம் செல் என்று வரும் பழைய கட்டுரைகளையும் பார்த்துப் படியுங்கள், அப்படிச் சொன்ன அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஹார்வர்டே 2018-இல் சொன்னது.

திசுப்பித்தன்:
சரி, முதல் சில நாட்கள் மட்டும் 5 சதவீதம், அப்புறம் காற்று, பக்கத்திலேயே முழுக்கக் காற்றில் ஒரு தட்டு, கடைசியில் ட்ரோபோனின்-டி ஃப்ளோ (இதயத்தசைப் புரதம் உள்ள செல்களைக் கருவியில் எண்ணுவது). ஆக்ஸிஜனைக் குறைக்க நைட்ரஜன் இணைப்புள்ள இன்குபேட்டர் பக்கத்து டிபார்ட்மெண்டில்தான் இருக்கிறது, கைடு மூலமாகத்தான் கேட்க வேண்டும்.