அம்மாவின் நினைவு மலரில் பீடியைப் பற்றி எழுதலாமா?

கடனாநதிக்காரி:

வருகிற ஆவணியில் அம்மாவுக்கு முதல் ஆண்டுத் திதி. வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டப்பா கொடுப்பதோடு பதினாறு பக்கத்தில் ஒரு நினைவு மலரும் அச்சிட்டுக் கொடுக்கலாம் என்று தங்கை சொன்னாள். நான் தமிழாசிரியை என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று பக்கம் எழுதிச் சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். அன்றிரவே போன் வந்தது. "நன்றாக இருக்கிறது. அந்தப் பீடியை மட்டும் எடுத்துவிடு" என்றான்.

அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அதைக் கேட்கத்தான் இங்கே வந்தேன்.

எங்களுக்குக் கடையம் பக்கம். அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. அதன்பின் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தது அம்மா பீடி சுற்றிய சொளவுதான், அதாவது முறம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுருட்டி வைப்பாள். விடியற்காலை நாலரைக்கெல்லாம் கத்தரிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் சேவல் கிடையாது, தேவைப்படவும் இல்லை. தகரத் தகட்டை இலைமேல் வைத்து வெட்டி அடுக்கிவிட்டு, அடுப்பு வேலையை முடித்து, எங்களைப் பள்ளிக்கு விரட்டிவிட்டுத் திண்ணையில் உட்காருவாள். இலையை விரித்து, புகையிலைத் தூளைத் தூவி, உருட்டி, நூலைச் சுற்றி அறுப்பதற்குள் எதிரே இருப்பவர் ஒரு வாக்கியம் பேசி முடித்திருக்க மாட்டார். கண் சொளவில் இருக்காது, தெருவில் இருக்கும். காது இலங்கை வானொலியில் இருக்கும். ஒரு நாளைக்கு 1000 பீடி. காய்ச்சல் என்றால் 700.

இன்னொன்றையும் எழுதியிருந்தேன். என் மகளுக்கு ஒரு வயதிருக்கும்போது அம்மா உளுந்தஞ்சோற்றைப் பிசைந்து அவள் வாயில் வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டது. அம்மா தன் விரலை நக்கிப் பார்த்து, "கசக்கிறது" என்றாள். அவ்வளவுதான். அதற்கு முன் புளி போட்டுத் தேய்த்துத்தான் கை கழுவியிருந்தாள். அந்த வாரச் சந்தையில் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி வாங்கிவந்தாள். பிறகு பிறந்த மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கரண்டியால்தான் ஊட்டினாள். ஒருமுறைகூடக் கையால் ஊட்டவில்லை.

பீடியை எடுத்துவிட்டுக் கரண்டியை மட்டும் எப்படி எழுதுவேன்?

அண்ணன் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அவன் மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் கையிலும் மலர் போகும். "இல்லத்தரசியாக வாழ்ந்தார் என்று போட்டால் போதாதா?" என்கிறான். இரண்டு, பீடி ஆளைக் கொல்கிற பொருள், அதைப் பெருமையாக எழுதலாமா என்று கேட்கிறான். முதலாவதற்குச் சண்டை போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூடவே ஒரு சின்னச் சிக்கல். அட்டையில் பிறந்த தேதி போட வேண்டும். ஆதாரில் 01.01.1956 என்றிருக்கிறது. பீடித் தொழிலாளி என்பதற்கான பாஸ் புத்தகத்தில் 1951. அம்மாவைக் கேட்டால் எப்போதும் "ஜய வருடம், ஐப்பசி, அடைமழை" என்றுதான் சொல்வாள். மணிமுத்தாறு அணை வேலைக்கு ஆச்சி மண் சுமந்தபோது தான் தூளியில் கிடந்ததாகவும் சொல்லியிருக்கிறாள். எதைப் போடுவது?

பழைய பஞ்சாங்கம்:

முதலில் சுலபமானதை முடித்துவிடுகிறேன், அம்மா.

அடைமழையை நம்புங்கள், ஆதாரை விடுங்கள். ஆதாரில் ஜனவரி 1 என்றிருந்தால் பெரும்பாலும் வயதை மட்டும் வாயால் சொல்லிப் பதிந்ததாக இருக்கும். என் வீட்டிலேயே ஜனவரி 1இல் பிறந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். பாஸ் புத்தகத்தில் வயதைக் கூட்டிச் சொல்வதும் அந்தக் காலத்தில் சாதாரணம். ஜய வருடம் என்பது 1954 ஏப்ரல் முதல் 1955 ஏப்ரல் வரை. அதில் ஐப்பசி என்றால் 1954 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரம் அதுதான். 1950களில் நடந்த அணை வேலைக்கும் தூளிக்கும் கணக்கு ஒத்துப்போகிறது. நட்சத்திரம் தெரிந்தால் சொல்லுங்கள், ஒரு நாளுக்கோ இரண்டு நாளுக்கோ சுருக்கிவிடலாம். தெரியாவிட்டால் "ஜய ஐப்பசி" என்றே போடுங்கள். அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

திதி கொடுப்பதற்குப் பிறந்த நாள் வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும். இறந்த மாதம், பட்சம், திதி போதும்.

அந்த 60 வருடச் சுற்றில் ஜய வருடம் 2014இல் திரும்பி வந்தது. வீட்டில் யாராவது கவனித்தீர்களா?

பீடி விஷயத்தில் என்னை இழுக்காதீர்கள்.

ஒற்றை வேம்பு:

நான் அண்ணன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். கோபப்படாதீர்கள், தங்கச்சி.

என் அப்பா நாளைக்கு மூன்று கட்டு பீடி குடித்தவர். கடைசி ஒன்றரை வருடம் படுத்தால் மூச்சு வராது. சுவரில் தலையணையைச் சாத்தி உட்கார்ந்தபடியே தூங்கினார், உட்கார்ந்தபடியே போனார். பீடிக்கட்டைப் பார்த்தால் எனக்கு அந்தத் தலையணைதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் மலர் என் போன்ற ஒருவன் கையிலும் கிடைக்கும், இல்லையா?

அதற்காக உங்கள் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் சுற்றினால்தான் அன்றைக்கு உலை என்றிருந்தவரிடம் போய் யார் நியாயம் பேசுவது? எழுதுங்கள். ஆனால் தொழிலுக்கு மாலை போட வேண்டாம். கரண்டியை எழுதியிருக்கிறீர்களே, அந்த அளவோடு நில்லுங்கள். அதில் பெருமையும் இல்லை, ஒளிவும் இல்லை.

இன்னொன்று. சம்பந்தி, ஆளைக் கொல்கிற பொருள் என்று அண்ணன் சொல்வதெல்லாம் வக்கீல் வாதம்போல இருக்கிறது. உள்ளே வேறு ஏதோ கிடக்கிறது என்று தோன்றுகிறது. அப்பா போனபோது உங்களுக்கு ஒன்பது என்றால் அவருக்கு எத்தனை வயது? கேட்டுப் பாருங்கள்.

மேலப்பாளையத்து மகள்:

அக்கா, எங்கள் உம்மாவும் சுற்றியவர்தான். எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீட்டைத்தான் அடையாளம் சொல்ல வேண்டும்.

"இல்லத்தரசி" என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை பீடிக் கடையில் செக்கர் ஒரு கட்டைப் பிரித்து, "தலை மடங்கவில்லை, நூல் தளர்வு" என்று ஒரு கை அள்ளிக் கழித்துப் போடும்போது மல்லுக்கு நின்றவர் எந்த இல்லத்துக்கு அரசி? கழித்ததற்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை ஓட்டையாக இருந்தால் குறைக்குச் சொந்தக் காசில் இலை வாங்கிப் போட வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் எங்கள் உம்மா ஒரு காகிதத்தில்கூட எழுதாமல் தலையிலேயே வைத்திருந்தார்.

உங்கள் அம்மாவிடம் பாஸ் புத்தகம் இருந்தது என்கிறீர்கள். அது சும்மா வந்ததில்லை. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இல் சட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை, அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) கிடையாது என்று முதலாளிகள் வழக்காடினார்கள். அவர்களுக்கும் உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திண்ணையில் உட்கார்ந்திருந்த நம் தாய்மார்களைத் தொழிலாளி என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் நாம் இல்லத்தரசி என்று போடுவதா? 1976இல் வந்த நல நிதியிலிருந்து பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்களே, அதில் படித்துத்தான் நான் பி.காம். முடித்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது வாங்கியிருப்பீர்கள்.

பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து மலரில் போடுங்கள். போட்டோ ஒட்டியிருக்கும். எங்கள் உம்மாவின் இளவயதுப் படம் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கடனாநதிக்காரி:

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மன்னியுங்கள்.

பஞ்சாங்க ஐயா, 2014 என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பேருந்திலேயே அழுதுவிட்டேன். அந்த வருடம் தீபாவளிக்குப் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த சேலை போக, அம்மா தன் கைக்காசில் தனக்கென்று ஒரு சேலை வாங்கிக்கொண்டாள். மயில்கழுத்து நிறம். வழக்கமில்லாத வழக்கமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "என் வருடம் வந்திருக்கிறது" என்றாள். ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். அப்பா இருந்திருந்தால் அவருடைய அறுபதில் அறுபதாம் கல்யாணமாவது நடந்திருக்கும். அட்டையில் "ஜய ஐப்பசி" என்றே போடுகிறேன்.

வேம்பு அண்ணாச்சி, உங்கள் கேள்விதான் கதவைத் திறந்தது. அப்பா போனபோது அண்ணனுக்குப் பதின்மூன்று. அவன் தினமும் சாயங்காலம் பள்ளி விட்டு வந்து அம்மா சுற்றிய பீடிகளுக்குத் தலை மடக்கிக் கட்டுக் கட்டுவான். அது எனக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவன் கையை முகர்ந்து பார்த்து, பீடி குடிக்கிறாயா என்று பிரம்பால் அடித்திருக்கிறார். புறங்கையில். உண்மையைச் சொன்னால் அம்மாவைக் கூப்பிட்டு விடுவார்கள் என்று பயந்து, "ஆமாம், குடித்தேன்" என்று சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்துப் போனில் என்னிடம் சொல்கிறான், அதுவும் சிரித்துக்கொண்டே. நானும் ஆசிரியைதான். எத்தனை பிள்ளைகளிடம் எதை முகர்ந்திருக்கிறேனோ.

நான் ஒன்றும் வாதாடவில்லை. வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, அனுப்பியிருந்த மூன்று பக்கத்தையும் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தான். சிவப்பு மையில் ஒரே இடத்தில்தான் கோடு. "ஆயிரத்துக்கு ஐம்பது கட்டு என்று எழுதியிருக்கிறாய். இருபத்தைந்து வீதம் நாற்பது கட்டு. எண்ணிக் கட்டியவன் நான்." அதன் கீழே பென்சிலில், "பிரம்படியைச் சேர்க்காதே."

சேர்க்கவில்லை. இங்கே எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

மேலப்பாளையத்துத் தங்கச்சி, பாஸ் புத்தகப் படம் இரண்டாம் பக்கத்தில் வருகிறது. உதவித்தொகை வாங்கியது தங்கை. அவளே அதைப் பற்றி அரைப்பக்கம் எழுதித் தந்திருக்கிறாள், எழுத்துப்பிழை நிறைய.

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும். கரண்டியையும் படம் எடுத்துப் போடலாம் என்று பார்த்தால் அது யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று வீட்டிலும் அடுக்களையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்.